என் தம்பிக்கு வண்டி ஒத்துக்காது

1

இந்தக் கதை கடற்கரையில் தொடங்கவில்லை. பலாங்கொடையில் என் வீட்டு முன்னறையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் சொன்ன ஒரு பொய்யில் தொடங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குமுன் மூன்று தடவை எழுதத் தொடங்கி, மூன்றிலும் அந்தப் பொய்யின் பக்கம் போகாமல் நழுவியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "தங்காலைக் கடல் அன்று காலை..." அடித்துவிட்டேன். கடலைக் காட்டிவிட்டால் நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்ற தந்திரம் அது.

இரண்டாவது: "என் நண்பர் ஒருவருக்கு ஒரு தம்பி இருந்தான்." அப்படியொரு நண்பர் இல்லை.

மூன்றாவது: "தோட்டத்திலிருந்து படித்து வெளியேறிய முதல் தலைமுறையின் உளவியல் என்பது..." நான் ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவன். வெட்கம் வந்தால் கட்டுரைக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். என் பெயர் கிருஷ்ணராஜ். என் தம்பி வேலுசாமி, பலாங்கொடைக்கு மேலே நாங்கள் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறான். அவனும் அவன் மனைவி விஜயகலாவும் இன்றும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறார்கள். என் ஒரே மகள் சுதர்ஷினி, போன வருடம் கொழும்பில் நிரோஷன் என்ற பிள்ளையைக் கட்டினாள். நிரோஷனின் அப்பா நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிறார். இனி வரும் பொய்கள் எல்லாம் அவரிடம் சொல்லப்பட்டவை.

2

நாகலிங்கத்தின் நண்பர் ஒருவர் ஒரு நீளமான பஸ்ஸை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாக மாற்றியிருந்தார். முப்பத்து நாலு அடி. அதை நான்கு நாளுக்கு எடுத்து, பலாங்கொடை வந்து எங்களை ஏற்றி, எம்பிலிப்பிட்டிய வழியாக அம்பாந்தோட்டையில் கடலைப் பிடித்து, தங்காலை, மாத்தறை, காலி என்று கரையோரமாகவே கொழும்புக்குப் போவது திட்டம். ஒரு மாதம் பேசினோம். வாட்ஸ்அப்பில் குழு, வரைபடம், எந்த இரவு எங்கே நிறுத்துவது, யார் என்ன சமைப்பது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கம் போன் எடுத்தார்.

"சம்பந்தி, படுக்கை எட்டு இருக்குது. நாங்கள் ரெண்டு பேர், நீங்கள் ரெண்டு பேர், பிள்ளையள் ரெண்டு பேர். மிச்சம் ரெண்டுக்கு உங்கட தம்பியையும் மனுசியையும் போட்டிருக்கிறன். சரிதானே?"

இடமில்லை என்று சொல்ல வழியே வைக்காமல் அந்த மனிதர் எண்ணியிருந்தார்.

"அவனுக்கு வண்டி ஒத்துக்காதுங்க" என்றேன். "கொஞ்ச தூரம் போனாலே வாந்தி."

"ஐயோ பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல அது. ஆனால் சொன்னதும் உடம்பில் ஒரு நிம்மதி இறங்கியது. இருபத்திரண்டு வருடமாக மலைப்பாதையில் லொறி ஓட்டுகிறவனைப் பற்றிச் சொன்ன பொய். (கல்யாணத்தன்று, தம்பி 'ட்ரான்ஸ்போர்ட் பக்கம்' என்று நாகலிங்கத்திடம் அறிமுகப்படுத்தியிருந்தேன். அதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.)

ஏன் சொன்னேன்? கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக் கைகழுவிய வேலுசாமி, கை துடைக்கும் தாள் இருப்பது தெரியாமல், வெள்ளை மேசைவிரிப்பில் துடைத்தான். நாகலிங்கத்தின் அக்கா அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். நான்கு நாள், ஒரே வண்டி, அதே கை என்று நினைத்தேன்.

[இந்தக் காரணம் உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. நான்காம் பகுதியில் சொல்கிறேன். சொல்லாமல் முடித்தால் இதழாசிரியர் இதைத் திருப்பி அனுப்பட்டும்.]

3

வண்டி வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. கிளம்பும் நேரத்தில் நாகலிங்கத்தின் மனைவி, "உங்கட தோட்டத்துக் கோயில்ல ஒரு தேங்காய் உடைச்சிட்டு வெளிக்கிடுவமே" என்றார். தோட்டத்துப் பாதை ஒடுக்கம், இவ்வளவு பெரிய வண்டி திரும்பாது என்றேன். அந்த மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை யாரும் நம்பவில்லை.

சாரதி ரிப்கான் கெட்டிக்காரன். இருந்தும் மூன்றாவது வளைவில் வண்டி மாட்டியது. பின்பக்கம் மண்மேட்டில் இடித்து நின்றது, முன்சக்கரம் பாதை விளிம்பில்.

"சேர், இதுல திருப்ப ஏலா" என்றான் ரிப்கான். "இந்தப் பக்கம் பள்ளம் ஈக்கி."

எல்லோரும் இறங்கினோம். அப்போது மேலேயிருந்து கொழுந்து லொறி வந்தது. பகல் கொழுந்தை நிறுத்து ஏற்றிக்கொண்டு வரும் நேரம். அதை நான் மறந்திருக்கவே முடியாது. மறந்திருந்தேன்.

[இந்த இடத்தில் வேலுசாமியின் முகத்தை விவரிக்க நான்கு வரி எழுதினேன். "பாசமும் ஆச்சரியமும் கலந்த..." என்று போனது. அவன் அப்படியெல்லாம் பார்க்கவில்லை. முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தான்.]

"சித்தப்பா!" என்று சுதர்ஷினி ஓடினாள்.

அவன் அவளுக்குச் சிரித்துவிட்டு, சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தான். இரண்டு கல்லை எடுத்து அண்டக் கொடுத்தான். பிறகு ரிப்கானிடம், "தம்பி, நான் எடுக்கவா? இந்த எடம் எனக்குப் பழக்கம்" என்று கேட்டான். ரிப்கான் சாவியைக் கொடுத்தான். வேலுசாமி படியில் ஏறப்போய், நின்று, செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு ஏறினான். வீடு என்று நினைத்திருக்க வேண்டும்.

முப்பத்து நாலு அடியை அவன் பின்னோக்கியே கீழே கொண்டுபோனான். வளைவுக்கு வளைவு நின்று, எட்டிப் பார்த்து, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் வரை. ஒரு கீறல் விழவில்லை. நாகலிங்கம் கையைத் தட்டினார். எனக்குப் பெருமை வந்தது. அதை வைத்துக்கொள்ளத்தான் இடமில்லை.

"வேலுசாமி, இப்பிடி வாகனம் ஓடுற உங்களுக்கோ வாகனம் ஒத்துவராது? சம்பந்தி சொன்னவர், அதாலதான் நீங்கள் எங்களோட வரேல்லை எண்டு."

இந்தப் பயணத்தைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் தேயிலைச் செடியைப் பார்த்தேன். அந்தச் செடியின் ஒவ்வொரு இலையும் எனக்கு இப்போதும் தெரியும்.

"ஓட்டுறப்ப ஒன்னும் செய்யாதுங்க" என்றான் வேலுசாமி. "பின்னால ஒக்காந்தாதான் கொமட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் சத்தமாகக் கேட்டது.

"அப்ப முன்னுக்கு இருந்து வாங்கோவன்! படுக்கை ரெண்டும் சும்மாதான் கிடக்குது."

வேலுசாமி என் பக்கம் திரும்பினான். எனக்காகக் காத்திருந்தான். ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் இரண்டாவது தடவை கிடைக்கிற வாய்ப்பு அது.

"அவனுக்கு லீவு கெடைக்காது" என்றேன் நான்.

"ஆமாங்க" என்றான் அவன். "இப்ப கொழுந்து கூடுற நேரம்."

நாகலிங்கம் விடவில்லை. மேலே தெரிந்த தோட்ட அலுவலகத்தைக் காட்டி, "உங்கட அப்பா கிளாக்கரா இருந்தது அந்தக் கந்தோரிலயோ?" என்று அவனிடம் கேட்டார்.

சுதர்ஷினி அவன் செருப்பை மேலேயிருந்து எடுத்து வந்திருந்தாள். வேலுசாமி குனிந்து அதை மாட்டினான். நிமிர்ந்து, "அப்பாவப் பத்தி அண்ணன்தாங்க நல்லா சொல்லும்" என்றான். லொறியை நோக்கி மேலே நடந்தான்.

4

எங்கள் அப்பா கிளாக்கர் அல்ல. அவர் வாசக்கூட்டி. லயத்து வாசலையும் சாக்கடைக் கானையும் கூட்டி, கக்கூஸ் கழுவும் வேலை. முப்பத்தொரு வருடம் செய்தார். அந்த வேலை எந்தச் சாதிக்காரருக்குக் கொடுக்கப்படும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும்.

என் மகளுக்கு அவரைக் கிளாக்கர் என்று சொல்லி வளர்த்தேன். அவள் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார், எனக்கு வசதியாக. வேலுசாமியிடம், "பிள்ளைகிட்ட சொல்ல வேணாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். இருபத்தாறு வருடம் அவன் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாள் ஒரே வண்டிக்குள் இருந்தால் பேச்சு வராமலா போகும்? நான் பயந்தது மேசைவிரிப்புக்கு அல்ல.

இரண்டாம் நாள் தங்காலையில் மோட்டார்ஹோமின் கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது. ஒரு விடுதிக்காரர் தன் குழியில் இறக்கிக்கொள்ள விட்டார். ரிப்கான் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் பூட்டினான். மறுமுனை துள்ளியது, பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"சேர், கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

என்னிடம்தான் கேட்டான். நான் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தேன். அதைக் காட்டித் தலையசைத்தேன்.

நாகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குழாயைப் பிடித்தார். "எங்கட ஊத்தைதானே" என்றார்.

அந்த வேலையில் வந்த சோற்றைத் தின்று படித்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, வெள்ளவத்தை முதலாளி குழாயைப் பிடித்தார். இதை வைத்து அவர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருநாள் குழாய் பிடிப்பது வேறு, அந்த வீட்டில் பெண் எடுத்தது தெரியவருவது வேறு. எனக்கு அவரைத் தெரியாது. என்னைத்தான் அன்றைக்குத் தெரிந்தது.

மிச்ச இரண்டு நாளும் கடல் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. என் படுக்கைக்கு எதிரே இருந்த இரண்டு படுக்கைகளிலும் பெட்டிகளையும் செவ்விளநீர்க் குலையையும் அடுக்கியிருந்தோம்.

5

முடிவுகள்.

ஒன்று: காலிக் கோட்டை மதில்மேல், மாலை வெயிலில், நான் நாகலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் என் தோளில் கைவைக்கிறார். – நடக்கவில்லை. காலியில் நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

இரண்டு: வேலுசாமி என் வீட்டு வாசலில் வந்து நின்று என்னைத் திட்டுகிறான். – இதைத்தான் நான் விரும்பினேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும்.

நடந்தது: ஊருக்கு வந்ததும் அம்பாந்தோட்டையில் வாங்கிய கருவாட்டைத் தோட்டத்து பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. "கருவாடு நல்லா இருக்குண்ணே" என்று வேலுசாமி போன் எடுத்துச் சொன்னான். அவ்வளவுதான்.

பிறகு, போன மாதம், அவள் தாத்தாவின் வேலை என்னவென்று சுதர்ஷினியிடம் சொன்னேன்.

"சித்தப்பாவும் ஏன்பா என்கிட்ட சொல்லல?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"அப்ப மாமாகிட்டயும் நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது. இனிமே என்னால பொய்யும் சொல்ல முடியாது."

மூன்று தடவை கொழும்புக்குப் போனேன். மூன்று தடவையும் நாகலிங்கத்தோடு தேநீர் குடித்துவிட்டு வந்தேன். நேரில் சொல்ல முடியாதவன்தான் கதை எழுதுகிறான். இதுவும் கோழைத்தனத்தில் ஒருவகை, கொஞ்சம் நல்ல சட்டை போட்டது.

எழுதி முடிக்குமுன் வேலுசாமிக்குப் போன் எடுத்தேன். பின்னால் லொறியின் இரைச்சல்.

"என்னைய வச்சி எழுதுறியா? எழுதுண்ணே. நான் என்னா படிக்கவா போறேன்."

"அப்பா வேலையும் வருதுடா."

லொறியை நிறுத்திவிட்டான். இரைச்சல் நின்றது.

"என்னான்னு போட்ட?"

"வாசக்கூட்டின்னு."

"பேரு?"

"பேரு போடல."

"பேரு போடாம வேலைய மட்டும் போட்டா எப்புடிண்ணே? அவரும் மனுசன்தானே?"

எங்கள் அப்பாவின் பெயர் கந்தையா.

பெயர்களை மாற்றிவிடலாம் என்று இதழாசிரியர் சொன்னார். வேண்டாம் என்றேன். நாகலிங்கம் இந்த இதழை மாதாமாதம் வாங்குகிறவர். மோட்டார்ஹோமிலும் தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று வைத்திருந்தார். ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இந்த முடிவை உங்கள் எல்லோரிடமும் கொடுக்க முடியவில்லை. ஒருவரிடம்தான் கொடுக்கிறேன்.

சம்பந்தி, இந்தப் பக்கம் வரை வந்திருந்தால் எனக்குப் போன் எடுக்காதீர்கள். எடுத்தால் மறுபடி ஏதாவது அழகாகச் சொல்லிவிடுவேன். வேலுசாமிக்கு எடுங்கள். நம்பர் சுதர்ஷினியிடம் இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு மேல் எடுங்கள், அதற்குமுன் லொறியில் இருப்பான். அப்பாவின் கடைசி ஆறு வருடமும் அவர் அவனோடுதான் இருந்தார், நான் மாதம் ஒருமுறை போய்வந்தேன். அவன் சொல்வதைக் கேட்டபிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.