மோயாற்றுக் கிடா

கணபதியில் மில்லுக்குப் பின்னால் இருந்த மான் பட்டியில் அன்று காலை ஒரு குட்டி பிறந்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது. தாய் நக்கி நக்கிப் பார்த்தது, மூக்கால் தள்ளிப் பார்த்தது. குட்டி தலையைத் தூக்கவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்ற வரலட்சுமி எட்டு மணிச் சங்கு ஊதும்வரை நகரவில்லை. பட்டியைப் பார்த்துக்கொள்ளும் காளிச்சாமி, "உள்ள போங்க அம்மிணி, இதையெல்லாம் நீங்க பாக்கக்கூடாதுங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இருபத்து மூன்று வயதுக்குள் வரலட்சுமி இரண்டு பெற்று இரண்டையும் பறிகொடுத்திருந்தாள். முதலாவது பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது மூன்று மாதம். காரமடை ரங்கநாதரிலிருந்து டவுன் டாக்டர்வரை யாரையும் பாக்கி வைக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் இங்கே ஊர் சும்மா இருந்தது, வீடுதான் பேசியது. ராசியில்லாத வயிறு என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவளும் நம்பிவிட்டாள்.

மில் முதலாளி கோவிந்தராஜுலு அவளுக்குப் புருஷன். அதற்கு முன்னால் தாய்மாமன், அம்மா பங்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பங்காரம்மா வாழ்க்கைப்பட்டதும் தன் தாய்மாமனுக்குத்தான். பெண்ணும் நிலமும் வெளியே போகக்கூடாது என்பதில் அந்தக் குடும்பம் அவ்வளவு கெட்டி. பட்டியில் இருந்த வெளிமான்களும் அப்படித்தான் பெருகின. கோவிந்தராஜுலுவின் அப்பா பருத்தி போடக் காட்டைத் திருத்தியபோது வலைகட்டிப் பிடித்த ஒரே ஜோடியின் வம்சம் அவை. மற்றதையெல்லாம் துப்பாக்கியும் ஏரும் பார்த்துக்கொண்டன. இந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் அந்தப் பக்கம் மான் வேண்டுமென்றால் சினிமா போஸ்டரில்தான் பார்க்க வேண்டும். பட்டியிலும் முப்பது இருந்தது பதினான்காகிவிட்டது.

சாயங்காலம் காளிச்சாமி முதலாளியிடம் வந்தார். காங்கயம் பக்கம் மாட்டுப்பட்டியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மொதலாளி, இந்த வருசத்துல இது நாலாவது குட்டிங்க. கெடா மாத்தாம ஆவாதுங்க. அப்பனும் மகளும், அண்ணனும் தங்கச்சியுமா சேந்து சேந்து ரத்தம் செத்துப்போச்சுங்க. எங்க பட்டியில பொலிகாளைய மூணு வருசத்துக்கு மேல வச்சுக்க மாட்டமுங்க. சொந்தத்துக்குள்ளயே..."

அங்கே நிறுத்திக்கொண்டார். காப்பித் தம்ளரோடு வாசற்படியில் நின்ற வரலட்சுமியை அப்போதுதான் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் காரணமில்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோவிந்தராஜுலு எதையும் கவனிக்கவில்லை. "நீ சொல்றது செரிதான். ஒரே ஊருப் பஞ்ச நூத்தாக்கூட நூல் அறுந்துபோகுது. நாலு ஊருப் பஞ்சக் கலந்தாத்தான் நிக்குது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் போனபோது குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதவர். அன்றைக்கே மோயாற்றுக் காட்டிலிருந்து ஒரு கிடா மான் கொண்டுவர அனுமதி கேட்டு எழுதிப்போட்டார்.

வரலட்சுமிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கமில்லாத சந்தோஷம். குற்றம் தன் வயிற்றில் இல்லை! அது ஒரு நாழிகைகூட நிற்கவில்லை. அடுத்து வந்தது பயம். பதினெட்டு வயதுத் தங்கை பத்மாவதியை கோவிந்தராஜுலுவின் தம்பி வெங்கடபதிக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவனும் தாய்மாமன்தான். அடுத்த மாதம் நிச்சயம்.

ஒருநாள் சாப்பாடு போடும்போது, "மாமா, பத்மாவதிக்கு வெளியில பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"ஏன், வெங்கடபதிக்கு என்ன கொறச்சல்?"

சொல்ல வேண்டிய பதில் எதிரிலேயே உட்கார்ந்து ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது. அவள் ரசத்தை ஊற்றினாள்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் குடும்பம் ஒன்றே என்பதால் நிச்சயத்தைக் கணபதி பங்களாவிலேயே வைத்துக்கொண்டார்கள். அன்று பார்த்து மோயாற்றிலிருந்து லாரி வந்தது. தாம்பூலத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் பட்டிக்கு ஓடினார்கள். கொம்புகள் ஒடியாமலிருக்கச் சாக்குச் சுற்றி, வைக்கோல் போட்ட மரக்கூண்டில் அந்தக் கருத்த கிடா நின்றது. கோவிந்தராஜுலு பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்களுக்கு விளக்கினார். ஒரே ரத்தம் சேர்ந்தால் குட்டி தங்காது, வேற்று ரத்தம் வந்தே ஆக வேண்டும் என்றார். எல்லோரும் காடுதோட்டம் பார்த்தவர்கள், மாடு வளர்த்தவர்கள். இது தெரியாதா என்பதுபோல் தலையாட்டினார்கள். வெங்கடபதியும் ஆட்டினான்.

தனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று வரலட்சுமிக்கே தெரியவில்லை.

"அப்ப நம்ம பத்மாவதிக்கும் வெளியில இருந்தே ஒருத்தரக் கொண்டாங்க மாமா."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். கோவிந்தராஜுலு மனைவியைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. கூண்டுக் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் மறந்து நின்றார்.

பங்காரம்மா மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளறைக்கு இழுத்துப்போனாள். பத்மாவதியும் பின்னாலேயே வந்தாள்.

"நாலு பேரு முன்னால மானத்த வாங்கிப்போட்டியே! எனக்கும் நாலு போச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னால ரெண்டு, உனக்கும் இவளுக்கும் நடுவுல ரெண்டு. ஆருகிட்டயாவது வாயத் தொறந்தனா?"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது பங்காரம்மாவுக்கே கேட்டது. மகள்கள் இருவருக்கும் அது புதுச் செய்தி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே போனாள்.

அக்காவும் தங்கையும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பத்மாவதிக்குப் புது ஜரிகை கழுத்தில் குத்தியது.

"ரெண்டாவது கொழந்தைய அம்மா என்னப் பாக்கவே விடலையேக்கா" என்றாள். "எப்படி இருந்தான்?"

இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மொகமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. சிரிப்பான். தலைதான் நிக்காது... நான் எப்பவும் இப்படியே வச்சுக்கணும்."

இடது கையை நீட்டிக் காட்டினாள். மூன்று மாதம் பழகிய விரல்கள் தாமாகவே குழிந்து, இல்லாத ஒரு சின்னத் தலையின் அளவுக்கு விரிந்து நின்றன.

"நல்ல நேரம் போகுது, பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மறுபடியும் வந்தது. பத்மாவதி எழுந்திருக்கவில்லை. இன்னும் நீட்டியபடியே இருந்த அந்தக் கைக்கு அடியில், வளையல் சத்தம் கேட்காமல், தன் கையைக் கொண்டுபோய் வைத்துத் தாங்கிக்கொண்டாள்.