நேராக்கிய ஸ்டீயரிங்

கம்பியின் மேலிருந்த மரையுறை அசைவதாகக் காணோம். அபுந்தியோ பிக்கப் வண்டிக்கு அடியில் உறைந்த சரளைக்கல்லில் மல்லாந்து கிடந்தபடி, குழாய் ரெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்து, முன்சக்கரத்தில் காலை உதைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தான். துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. சட்டைக்குள் பனிநீர் இறங்கி முதுகு விறைத்துவிட்டது. மலைக்குப் பின்னால் இன்னும் வெளிச்சம் வரவில்லை. எண்ணெயை ஊற்றினான், சுத்தியலால் தட்டினான், மறுபடி இழுத்தான். ரெஞ்ச் வழுக்கி விரல் முட்டி சட்டத்தில் இடித்ததுதான் மிச்சம்.

நேற்று மாலை மலையிலிருந்து இறங்கும்போது, மரம் வெட்டியவர்கள் பாதையோரம் விட்டுப்போன அடிக்கட்டையில் பிக்கப்பின் முன்சக்கரம் மோதியது. அதிலிருந்து வண்டி நேராக ஓட வேண்டுமானால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கால் வட்டம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். இது பெரிய கம்ப சூத்திரமில்லை. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியில் ஒரு மரையுறை இருக்கும். அதன் பட்டைகளைத் தளர்த்திச் சுழற்றினால் கம்பியின் நீளம் கூடும், குறையும். ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிடும். இந்த மலைப்பாதைகளில் வண்டி ஓட்டுகிற எவனும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது செய்கிற வேலைதான். ஆனால் இன்று கம்பியை நெடுக உள்ளங்கையால் தடவிப் பார்த்தபோது அது நடுவில் வளைந்திருந்தது. உறையில் நகத்தால் உரசினால் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு விரிசல்.

"என்னய்யா, வண்டிக்கு அடியிலயே குடித்தனம் வச்சிட்டியா?" என்று மேலிருந்து கேட்டாள் செலோ. கன்று நடும் ஆட்களில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற எவனையும்விட வேகமாக நடுவாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். "இஞ்சின் சூட்டுல வச்சுத்தான் ரொட்டிய சுட வைக்கிறது. இஞ்சினும் ஆறிப்போச்சு, பீன்ஸும் ஆறிப்போச்சு."

"கம்பி வளைஞ்சு போச்சுக்கா. புதுசு போடணும்."

"எப்ப வரும்?"

"டவுன்லேருந்து வர ரெண்டு மூணு நாளாவும்."

தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த எவரிஸ்டோ எழுந்துவிட்டான். குழுவில் வயதில் மூத்தவன். "ரெண்டு மூணு நாளா? விளையாடுறியா தம்பி? நட்ட கன்னுக்குத்தான் கூலி. வண்டி படுத்தா நாமளும் பட்டினி படுக்கணும். எதையாவது பண்ணுய்யா."

மற்ற மூன்று பேரும் ஆமாம் போட்டார்கள். எல்லோரும் மெக்சிகோவின் மிச்சோவாக்கான் மலைக்காரர்கள். ஒரு பருவத்து விசாவில் அமெரிக்காவின் ஆரிகன் காட்டுக்கு வந்தவர்கள். மரம் வெட்டிய சரிவுகளில் மறுபடி கன்று நடுவது வேலை. அபுந்தியோ நடவும் வேண்டும், வண்டியும் ஓட்ட வேண்டும்.

ரமிரோவின் புது பிக்கப் அவர்கள் தங்கியிருந்த இடத்து முற்றத்துக்குள் வந்து நின்றது. கையில் காப்பிக் கோப்பையோடு இறங்கினான். நடவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த இந்த முதலாளியும் அதே மலைகளிலிருந்து வந்தவன்தான். இதே சரிவுகளில் குனிந்து நட்டவன், இதே பாதையில் ஆள் ஏற்றி ஓட்டியவன். அதனால் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்துதான் பேசினான், அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஏன் இன்னும் கெளம்பல?"

"கம்பி வளைஞ்சிருக்கு முதலாளி. மரையுறையில விரிசல் வேற. நேராக்க வழியில்ல."

"கம்பிய எவன் நேராக்கச் சொன்னான்? ஸ்டீயரிங்க நேராக்கு. நட்டக் கழட்டு, ஸ்டீயரிங் வட்டத்த உருவு, நேரா வச்சு மாட்டு. காப்பி குடிக்கிற நேரத்துல முடியிற வேலை."

"வட்டம்தான் நேராவும். பெட்டி கோணலாத்தான் நிக்கும். இடப்பக்கம் முழுசா திரும்பாது. மேல கொண்டை ஊசி வளைவுல..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? அந்த ரோட்டுல நான் வண்டி ஓட்டுனப்ப நீ ஊர்ல ஆடு மேச்சிட்டிருந்த."

"அப்ப உங்களுக்கே தெரியுமே."

"தெரியும்டா. மெதுவா போனா போயிடலாம்னும் தெரியும். ஸ்டீயரிங் கோணலா இருந்தா காட்டு கேட்டுல நிக்கிறவன் உள்ள விடமாட்டான்னும் தெரியும். கன்னெல்லாம் நேத்தே மேல போயிடுச்சு. இன்னிக்கு மண்ணுக்குள்ள போவலேன்னா வேர் காஞ்சிரும். அப்புறம் குத்தகையும் காஞ்சிரும்."

"உசுரு இருக்கே முதலாளி, ஆறு பேரு."

ரமிரோ காப்பியை ஒரு வாய் உறிஞ்சினான். "உன் விசாவுல யார் பேர் போட்டிருக்கு?"

அபுந்தியோ ரெஞ்சில் ஒட்டிய துருவைத் துடைத்தான்.

"உன்னத்தான் கேக்கிறேன்."

"உங்க பேரு."

"ஞாபகம் இருந்தா சரி."

கடைசியில் எவரிஸ்டோதான் வாயைத் திறந்தான். "செஞ்சிரு தம்பி. மெதுவா போவோம். ஒரு நாள்தானே." மற்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் செலோகூடத் தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை மறைத்துவிட்டு முதலாளியை மட்டும் திட்டினால் அது யோக்கியமான கதையாக இருக்காது. அன்று காலை அபுந்தியோவின் கையில் ரெஞ்சைத் திணித்ததில் எல்லோருக்கும் பங்கு இருந்தது.

அவன் செய்தான். ஹாரன் மூடியை நெம்பி எடுத்தான், நட்டைக் கழற்றினான், இழுவைக் கருவியைப் பூட்டித் திருகினான். ‘டக்’கென்று வட்டம் தண்டின் பற்களிலிருந்து விடுபட்டது. அதைத் திருப்பி நேராக வைத்து மறுபடி முறுக்கினான். சக்கரமும் நேர், ஸ்டீயரிங்கும் நேர். கதவைத் திறந்து பார்த்தவன் எவனும் குறை சொல்ல முடியாது. தன் கை வேலையைப் பார்க்க அவனுக்கே கூசியது.

"பாத்தியா? மனசு வச்சா நடக்கும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான் ரமிரோ.

காட்டு கேட்டில் காவலாள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டச் சொல்லி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டச் சொன்னான். வண்டி நேராகப் போனது. ஸ்டீயரிங்கும் நேராக நின்றது. ‘கம்பி வளைந்திருக்கிறது’ என்று சொல்கிற அளவுக்கு இங்கிலீஷ் அபுந்தியோவுக்கு வரும். நாக்கு எழவில்லை. காவலாள் கையசைத்து அனுப்பிவிட்டான்.

அதற்குமேல் அவன் ஊர்ந்துதான் போனான். கொண்டை ஊசி வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்து, எப்போதும் ஒடிக்கிற இடத்தில் இடப்பக்கம் ஒடித்தான். ஸ்டீயரிங் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு முன்னமே இரும்பில் இரும்பு இடித்து நின்றுவிட்டது. அந்த அரை நொடியில் கை பழக்கம் அவனை ஏமாற்றியது. இன்னும் திரும்பும் என்று அழுத்தினான். அடியில் எதுவோ முறிந்தது. பிரேக்கை மிதித்தான், உறைந்த சரளையில் சக்கரம் சறுக்கியது. பாதை இடப்பக்கம் போனது, வண்டி தன் பாட்டுக்கு நேரே போனது. ஓரத்து மண்மேட்டில் ஏறி, வலப்பக்கம் சரிந்து, ஒரு மரக்கட்டையில் முட்டி நின்றது. அந்தக் கட்டை இல்லாவிட்டால் ஆறு பேரும் கீழே பள்ளத்து ஓடைக்குள் கிடந்திருப்பார்கள்.

ஒவ்வொருவராக மேல்பக்கக் கதவு வழியாக ஏறி வெளியே வந்தார்கள். எவரிஸ்டோ முன்னால் வலப்பக்கம் இருந்தவன். அவனைத் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தோளுக்குக் கீழே கை வேறு திசையில் தொங்கியது. அவன் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தைபோல முனகினான்.

செலோ தன் கழுத்துத் துணியால் அந்தக் கையைக் கட்டி முடித்தாள். பிறகு எழுந்து வந்து அபுந்தியோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"திரும்பாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சு ஏன்டா ஏத்திட்டு வந்த? எங்கள என்ன ஆட்டு மந்தைன்னு நெனச்சியா?"

அபுந்தியோவுக்கு ‘நீங்களும்தானே சொன்னீங்க’ என்பது தொண்டைவரை வந்தது. எவரிஸ்டோவின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது. அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றான்.

பின்னாலிருந்து ரமிரோவின் பிக்கப் வந்து நின்றது. இறங்கியவன் முதலில் வண்டியைத்தான் சுற்றிப் பார்த்தான். அப்புறம்தான் ஆள்.

"கண்ண எங்கடா வச்சு ஓட்டுன? மெதுவா போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?" என்று அபுந்தியோவிடம் பாய்ந்தான். "உனக்கும் எனக்கும் இன்னியோட சரி. மூட்டையக் கட்டு. மத்தவங்க மேல நடந்து போங்க, வேல கெடக்கு. எவரிஸ்டோவ நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." குரலைத் தாழ்த்தினான். "அங்க கேட்டா, சரிவுல நடும்போது தடுக்கி விழுந்தேன்னு சொல்லு. வண்டி கிண்டின்னு வாயத் தெறந்தா எல்லாருக்கும் தொல்லை. புரியுதா?"

மண்மேட்டில் சாய்ந்திருந்த எவரிஸ்டோ தலையைத் தூக்கினான்.

"நான் தடுக்கி விழல ரமிரோ." முதலாளி என்று சொல்லவில்லை. "உன் வண்டியிலதான் விழுந்தேன்."

"கை வலியில உளறாத. ஏறு வண்டியில."

"ஏற மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? எலும்பு ஒடஞ்சு கெடக்கு!"

"ஒடஞ்சது கைதான், கால் இல்ல. கேட்டு வரைக்கும் நடப்பேன். அங்க போன் இருக்கு. காலைல இந்தப் பையன்கிட்ட ‘செஞ்சிரு’ன்னு சொன்னதும் இந்த வாய்தான். அதுக்குத் தண்டனையா இந்தக் கை போதும், பொய் வேற சொல்ல மாட்டேன்."

ரமிரோ மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "நீங்கல்லாம் எதுக்கு நிக்கிறீங்க? கன்னு காயுது மேல. உங்கள சாவக் கெடக்க வச்ச டிரைவருக்கா பரிஞ்சு நிக்கிறீங்க?"

செலோ அபுந்தியோவின் சட்டையை அப்போதுதான் விட்டாள். "அவன அடிக்கணுமா வேணாமான்னு நாங்க பாத்துக்கிறோம். அது எங்க வீட்டுச் சண்டை. வட்டத்த உருவி மாட்டச் சொன்னது யாரு? நாங்க அஞ்சு பேரும் காதால கேட்டோம்."

"நாளைக்கே அஞ்சு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்டுருவேன். ஒரு போன் போதும்."

"போடு. ஆனா கன்னு நாளைக்கு வரைக்கும் காத்திருக்காது. புது ஆள் வர்றதுக்குள்ள வேர் கருகிரும், உனக்கே நல்லாத் தெரியும். எவரிஸ்டோ ஆஸ்பத்திரியில நடந்தத நடந்தபடி சொல்லுவான். வண்டிக்குப் புதுக் கம்பி வரணும். ஒருத்தரையும் ஊருக்கு அனுப்பக் கூடாது. இவனையும் சேத்துத்தான்." அவள் அபுந்தியோவைப் பார்க்காமலேயே கையை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள். "இது மூணும் ஆனா மேல வர்றோம். இல்லேன்னா நீயே குனிஞ்சு நடு. உனக்குத்தான் வேலை தெரியுமே."

எவரிஸ்டோவை நடுவில் வைத்துக்கொண்டு ஆறு பேரும் கீழே நடக்க ஆரம்பித்தார்கள். ரமிரோ பின்னாலிருந்து வைததெல்லாம் இங்கே எழுதத் தக்கதல்ல. அபுந்தியோ எவரிஸ்டோவின் நல்ல கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். எவரிஸ்டோ எடுத்துவிடவில்லை. அவ்வளவு போதும் என்றிருந்தது அபுந்தியோவுக்கு.

இரண்டு வளைவு தாண்டியதும் கீழேயிருந்து இன்னொரு பிக்கப் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ரமிரோவின் இரண்டாவது குழு. டிரைவர் தோரிபியோ ஹாரன் அடித்தான். அபுந்தியோ நடுப்பாதையில் போய் நின்றான்.

"வழிய விடுய்யா! உங்க வண்டி படுத்தா எங்க கூலியுமா போகணும்?"

"இறங்க வேணாம். நின்ன இடத்துல ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் சுத்திக் காட்டு. அப்புறம் போ."

தோரிபியோவின் முகம் மாறியது. "எதுக்கு?"

"சுத்திக் காட்டுண்ணே."

வண்டிக்குள் இருந்தவர்கள் எவரிஸ்டோவின் தொங்கும் கையைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் டிரைவரைப் பார்த்தார்கள். அவன் ஒரு பக்கம் சுற்றினான். சக்கரம் நன்றாகத் திரும்பியது. மறுபக்கம் சுற்றினான், பாதியிலேயே இடித்து நின்றது. வெளியே நின்றவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"போன மாசம்" என்றான் தோரிபியோ, யாரையும் பார்க்காமல். "இதே மாதிரிதான். முதலாளி வெளிய சொல்ல வேணாம்னான்."

பின் இருக்கையிலிருந்து ஒருவன் அவன் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தான். "ஒரு மாசமா இதுலயாடா எங்கள ஏத்திட்டுத் திரியிற?"

"விடுய்யா அவன!" என்று கத்தினாள் செலோ. "எங்களுக்கும் கை அரிச்சுது. நமக்குள்ள அடிச்சுக்கிட்டா மேல இருக்கிறவன் சிரிப்பான். மொதல்ல இறங்குங்க."

பிறகு ஒரு கதவு திறந்தது. அடுத்து இன்னொன்று. தலைக்கவசத்தையும் நடவுப் பையையும் எடுத்துக்கொண்டு ஆறு பேரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்குமுன் தோரிபியோ வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்திப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டான்.

மேலிருந்து ரமிரோவின் பிக்கப் சரளை தெறிக்க இறங்கி வந்து, குறுக்கே நின்ற வண்டிக்கு முன்னால் பிரேக் போட்டது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளம். ஹாரனை அழுத்திப் பிடித்தான். முகட்டுக்கு மேல் வெயில் ஏறி, மேலே கன்றுப் பெட்டிகள் கிடந்த சரிவில் விழத் தொடங்கியிருந்தது.

"எட்றா வண்டிய! எல்லாரும் விசாவ மறந்துட்டீங்களா?"

யாரும் மறக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் அந்தப் பயம் அப்படியே இருந்தது. இருந்தும் ஒருவரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

தோரிபியோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

"எடுக்கலாம் முதலாளி. ஆனா அது திரும்பாதே" என்றான்.

செலோதான் முதலில் சிரித்தாள். எவரிஸ்டோ வலியோடு சிரித்து, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். பன்னிரண்டு பேரும் அவனைச் சுற்றிக்கொண்டு, அவன் நடைக்குத் தக்கபடி மெதுவாக, கேட்டை நோக்கி இறங்கினார்கள்.