பொம்மையின் வயிற்றுக்குள்

கோதண்டபாணியின் பீங்கான் பட்டறையில் பூவாயியும் இன்னும் சில பெண்களும் அகல் விளக்கு செய்தார்கள். புதிதாக வந்த கண்ணம்மாள் பெரிய பொம்மைகள் செய்தாள். சூளையில் வேகவைக்க அடுக்கும் பெட்டியில் இரண்டுக்கும் இடம் போதாது.

"உன் பொம்ம வவுறு காலியாத்தான இருக்குது? என் வெளக்கு அதுக்குள்ள வேவட்டும்டி" என்று பூவாயி தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

யார் செய்தது எவ்வளவு வெந்து வருகிறது என்று பார்க்க முதலாளி ஒரு ப்ரோகிராம் கேட்டார். எம்.சி.ஏ. படிக்கும் சண்முகப்ரியா கல்லூரியில் கற்ற லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்தாள். அந்த மொழியில் பட்டியலுக்குள் பட்டியல் வைக்கலாம். சூளை வண்டி, அதற்குள் தட்டு, தட்டுக்குள் பெட்டி என்று இறங்கி, பெட்டியில் உள்ள பொருளைச் செய்தவர் பெயரை அது எடுத்துவரும். சூளை ஏற்றும் பச்சமுத்து, "கண்ணம்மா பொம்ம, உள்ள பூவாயி வெளக்கு" என்று சொல்லச் சொல்ல, பொம்மைக்குள் விளக்கையும் சரியாகவே பதிந்தாள். ப்ரோகிராம் பொம்மையை எண்ணியதோடு திரும்பிவிடும், அதற்குள் இறங்காது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முன் முதலாளி எல்லோரையும் கூட்டினார்.

"பூவாயி பேர்ல ஒண்ணுமே வெந்து வரல. கம்ப்யூட்டரு பொய் சொல்லாது. இனிமே வர வாணாம்."

"ஐயா, அது பொம்மக்குள்ள..." என்றான் பச்சமுத்து.

"நீ வண்டியத் தள்ளுடா."

கண்ணம்மாள் குனிந்து கையில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டினாள்.

பச்சமுத்து சொல்லித்தான் சண்முகப்ரியாவுக்கு விஷயம் தெரிந்தது. உள்ளே இன்னொரு பட்டியல் இருந்தால், எத்தனை ஆழமானாலும், தன்னையே மறுபடி அழைத்துக்கொண்டு இறங்கும்படி ப்ரோகிராமை மாற்றினாள். பூவாயியின் பெயர் வரிசையாக வந்தது. ஓடிப்போய் முதலாளியிடம் காட்டினாள்.

"நல்லதும்மா. இதையே வச்சுக்கலாம்."

"பூவாயி அக்கா?"

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இப்ப தப்புன்னா எவன் மதிப்பான்?"

சண்முகப்ரியா பூவாயியின் ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய் அவளிடம் அழுதாள். பூவாயி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"வெயில்ல வந்திருக்க, மொதல்ல மோரு குடி. உள்ள வச்சத நம்ம சாமி பழமலைநாதர் பாத்திருப்பாரு. அது போதும், போ."

அடுத்த சூளை இறங்கியது. புதிய ப்ரோகிராம் ஒவ்வொரு பொம்மையின் வயிற்றுக்குள்ளும் ஒழுங்காக இறங்கிப் பார்த்தது. அங்கே இப்போது யாரும் யாருக்காகவும் எதையும் வைப்பதில்லை.