தண்ணீர் குடித்த கல்

என்னை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒப்படைத்தாள். கூடப் பிறந்த தோஷம்.

அக்கா நகைகளில் கல் பதிப்பவள். பத்து வருடம் அடுத்தவர் பட்டறைகளில் முதுகு ஒடிய உழைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் சொந்தக் கடை திறந்தாள். கதவைத் திறப்பது, மூடுவது, நடுவில் யாரும் கேட்காத ஆலோசனை சொல்வது என் வேலை.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் ஓபல் மோதிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிடிப்பு தேய்ந்து கல் ஆடியது. அக்கா கல்லைக் கழற்றி, அவர் கண்ணெதிரே எடை போட்டு, ‘ஓபல், 4.12 காரட்’ என்று ரசீது கொடுத்தாள். கல்லுக்குள் பச்சையும் சிவப்பும் ஓடிப் பிடித்து விளையாடின. மோதிரத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். கல் என் பொறுப்பு.

அன்று வெயில் கொளுத்தியது. ஓபலுக்குத் தாகம் எடுக்கும், தண்ணீரில் வைக்காவிட்டால் வெடித்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். பாவம் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, புண்ணியம் செய்தவனைப் போல வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் டம்ளரில் கல்லையே காணோம். விரலை விட்டுத் துழாவினேன். கிடைத்தது, உடைந்த பாட்டில் துண்டு மாதிரி, வெறும் கண்ணாடியாக. அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார்.

“என் கல் எங்க தம்பி?”

நீட்டினேன்.

“இது கண்ணாடி!” குரல் தெருவுக்குக் கேட்டது. “கல்லை மாத்திட்டீங்களா?”

வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஓபல் வைத்திருக்கும் திருடன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான் என்று பழைய கதை ஒன்று உண்டு. இங்கே கல் மறைந்துகொண்டு என்னைத்தான் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து அக்கா ஓடிவந்தாள். “தண்ணியிலயா போட்ட?”

“தாகமா இருக்குமேன்னு...”

“உன் மூளையத்தான் ஊற வைக்கணும்!” டீச்சரிடம் திரும்பினாள். “டீச்சர், இந்த வகை ஓபல் பஞ்சு மாதிரி. உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத துளை. தண்ணி புகுந்தா நிறம் மறைஞ்சிடும், காய்ஞ்சா திரும்பிடும்.”

“ஏம்மா, கதை விடுறியா? ஓபல் நிறம் மங்குனா வச்சிருக்கவங்களுக்குக் கேடுன்னுதான் சொல்வாங்க. இப்ப வச்சிருக்கது நீங்க ரெண்டு பேரு.”

“கதை ரெண்டு பேருக்கும் வேணாம், கணக்கு பாத்துடலாம்.” அக்கா கல்லைத் துடைத்துத் தராசில் வைத்தாள். 4.53. “கண்ணாடி தண்ணி குடிக்காது டீச்சர். காயக் காய இது 4.12க்கு இறங்கணும். இறங்கலைன்னா போலீஸைக் கூப்பிடுங்க, நானே கடையைப் பூட்டிச் சாவியைத் தர்றேன்.”

கணக்கு என்றதும் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரசீதின் பின்பக்கம் கட்டம் போட்டார்.

நான் ஹேர் டிரையரை எடுத்தேன். அக்கா என் கையிலேயே ஒரு அடி வைத்தாள். “சூடு பட்டா விரிசல் விடும். நீ மூச்சுகூட அந்தப் பக்கமாத் திரும்பி விடு.”

4.46. 4.38. மதியம் கல் வெளுத்துப் போனது.

“கண்ணாடி போய் இப்ப சுண்ணாம்பாயிடுச்சு” என்றார் டீச்சர்.

அக்கா கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள். சின்ன வயதில் பரீட்சை முடிவு வரும் நாளில்தான் அப்படிக் கடிப்பாள். மூன்று மாதக் கடை. ‘கல்லை மாத்துறவங்க’ என்ற ஒரு சொல் போதும்.

மூன்று மணிக்கு, 4.24. டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“ஏய்! பச்சை!”

கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். ஓரத்தில் கடுகு அளவு பச்சை. அப்புறம் இன்னொன்று. பிறகு சிவப்பு. வாசலில் நின்றவர்கள் செருப்போடு உள்ளேயே வந்துவிட்டார்கள். தராசு இறங்க இறங்க டீச்சர் எண்ணைக் கூவினார். கூட்டம் திருப்பிக் கூவியது. ஐந்து மணிக்குக் கல் முழுக்கத் தீப்பிடித்தது.

“நாலு புள்ளி ஒண்ணு ரெண்டு!”

யாரோ விசில் அடித்தார்கள். டீச்சர் வாசலுக்குப் போய், காலையில் கத்தியதைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கத்தினார். “கல் மாறலை! இந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் சரி!”

திரும்பி வந்து கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ரசீதில் பெரிதாக ஒரு டிக் போட்டு, ‘நூற்றுக்கு நூறு’ என்று எழுதி அக்காவிடம் கொடுத்தார்.

“எனக்கு எவ்வளவு டீச்சர்?” என்றேன்.

“நீ வெளிய போய் முட்டி போடு.”

அக்கா நகத்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நிஜமாகவே போய் முட்டி போட்டேன், கடையின் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே, தெருவே பார்க்க.