கலைந்த பொட்டு

மேற்கே குந்தாவின் முகடுகளைத் தழுவிக் கிடந்த வெண்பனி, இளவெயில் பட்டு மெல்ல விலகி, அருவங்காட்டுப் பள்ளத்தில் இறங்கிக் கரைய, மழையில் நனைந்த தேயிலைச் செடிகள் சரிவெங்கும் தளிர்விட்டுப் பொலிந்த ஆவணித் திங்களின் ஒரு முற்பகலில், குன்னூர்ப் பெண்கள் பள்ளியின் கூடத்தில் ஒருத்தியின் மானம் தீர்ப்புக்கு வைக்கப்பட்டிருந்தது. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைந்திருந்தது. அவளுக்கோ அது இன்னும் வந்து சேரவில்லை, கற்றறிந்தோரே.

அவள் பெயர் சாந்தாமணி. ஆறாண்டுகளுக்கு முன், வெள்ளையனே வெளியேறு என்னும் முழக்கம் எழுந்த நாளில், கொழுந்து பறிக்கும் பெண்களோடு தானும் ஒரு பெண்ணாய்க் கூடை சுமந்து, தளிர்களின் அடியில் தடைசெய்யப்பட்ட துண்டறிக்கைகளை மறைத்துத் தோட்டந்தோறும் சேர்ப்பித்தவள். பத்தொன்பதாம் நாள் காவலரிடம் அகப்பட்டாள். அவளைப் பற்றி எழுத வந்த சமவெளிச் செய்தியாளன் ஒருவன், அவள் நெற்றிப் பொட்டு கலைந்திருக்கக் கண்டு, தொழிலாளர் குடியிருப்பில் எவனுடனோ களித்திருக்கையில் பிடிபட்டாள் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். கூசாமல் எழுதினான், ஊரும் கூசாமல் படித்தது. சிறை அவளை ஓராண்டில் விட்டது, அந்தத் தாளோ விடவில்லை; பெண் கேட்டு வந்தவரும் அதைக் கேள்வியுற்றுத் திரும்பிப் போயினர்.

இப்போது தலைமையாசிரியைப் பணிக்கு அவள் விண்ணப்பித்திருக்க, யாரோ அப்பழைய செய்தி நறுக்கைப் பள்ளிக்குழுத் தலைவர் வேலுமணியிடம் சேர்த்திருந்தார். அந்நாளில் உடனிருந்தோர் பெயரைச் சொன்னால் போதும் என்றார் அவர். அவள் சொல்லவில்லை. கொடி மாறியும் தோட்டம் துரையிடமே இருந்தது. பெயர் வெளிப்பட்டால் அப்பெண்கள் வேலையும் வீடும் இழப்பர் என்பதை அவள் அறிவாள்.

ஆயினும் பள்ளிக்குப் பால் ஊற்றுபவள் வழியே செய்தி கொழுந்துக் காட்டை எட்டியிருந்தது. பறிப்பைப் பாதியில் விட்டு, முதுகிற் கூடையை இறக்காமலே, ஏழு பெண்கள் கூடத்தில் வந்து நின்றனர். சாந்தாமணி பதறி எழுந்து தடுக்கவும், முன்னின்ற அருக்காணி அவளைப் பாராமல் தலைவரையே பார்த்துப் பேசினாள்.

“ஏனுங்க, எங்க நெத்தியப் பாருங்க. கூடைக் கயிறு பொட்ட அழிச்சுப் போடுமுங்க. அத்தன நாளும் அம்மிணி எங்கூட்டுலதானுங்க இருந்தாங்க. எம்பேரு அருக்காணி, எழுதிக்குங்க.”

ஏழு நெற்றிகளிலும் கயிறு அழுந்திய தடம். ஏழிலும் குங்குமம் இழுபட்டுக் கலைந்திருந்தது. வேலுமணி அந்த நறுக்கை மடித்து ஒதுக்கிவிட்டுப் பணியாணையில் கையொப்பமிட்டார்.

அந்த வாரமே எழுவரும் தோட்டத்தினின்று விலக்கப்பட்டு, பாத்திரம் பண்டங்களைத் தலையிலேற்றிக் கூடலூர்ப் பக்கம் பிழைக்கப் போயினர். அந்தச் செய்தித்தாள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் விடுதலை நாளில் கொடியேற்றும் முன், சாந்தாமணி தன் பொட்டை விரலால் ஒருமுறை இழுத்துக் கலைத்துக்கொள்வாள். பொட்டு கலைந்திருக்கிறதே என்று மாணவியர் எவரேனும் சொன்னால், இன்று ஒருநாள் அப்படியே இருக்கட்டும் என்பாள்.