நமுத்த வெடியின் கடைசி மேடை

ஆமத்தூரில் எவாஞ்சலின் கட்டிய புது வீட்டில் ஜெபம் முடிந்து, எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவள் தம்பி ஜெரின் தன் செல்போனை டிவியோடு இணைத்து அந்தப் பழைய வீடியோவை ஓடவிட்டான். தண்ணீர் ஜக்கோடு பரிமாறிக்கொண்டிருந்த யோகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் பதினேழு வயது யோகேஸ்வரி மைக்கை விழுங்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்தில் ஜெரின் கிடாரோடு குதித்தான். பின்னால் எவாஞ்சலின் அடித்த அடியில் டிரம்ஸ் ஸ்டாண்டு ஒன்று சாய்ந்து விழுந்தது.

வந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட ஜெரின்தான் அதிகமாகச் சிரித்தான். "கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சோம். கிடார்ல மொத்தமே மூணு கார்டுதான் தெரியும். அத வச்சே ஒரு பேண்டு!" என்றான். அவன் இப்போது கோவையில் ஒரு கம்பெனியில் மேனேஜர்.

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறாள். தாங்கள் நல்ல பேண்டு என்று பதிமூன்று வருடங்களில் அவள் யாரிடமும் வாதாடியதில்லை. அவளுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

யோகேஸ்வரியும் ஜெரினும் பிளஸ் டூ படிக்கும்போது அவன் பெரியப்பா மகன் பெங்களூரிலிருந்து ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தான். அதில் வெளிநாட்டுப் பையன்களின் பாட்டுகள் இருந்தன. சோகத்தைக்கூட மூச்சிரைக்க ஓடிக்கொண்டே பாடினார்கள். வார்த்தைகள் பாதி புரியவில்லை. கோபமும் கும்மாளமும் முழுசாகப் புரிந்தன. எவாஞ்சலின் அப்போது நர்சிங் மாணவி, சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவள். பயிற்சி செய்யப் போதகரிடம் கெஞ்சி சர்ச் சாவி வாங்கினாள். பேண்டுக்குப் பெயர் வைத்தவள் யோகேஸ்வரி: நமுத்த வெடி. "வெடிக்காதுன்னு நெனச்சுக் கிட்டப் போவாக. அப்பத்தாம்லே வெடிக்கும்" என்று ஜெரினிடம் சொன்னாள்.

பள்ளி ஆண்டு விழா, ஒரு கல்யாண வரவேற்பு என்று எட்டு மேடை ஏறினார்கள். ஒன்பதாவது, இந்த வீடியோவில் இருப்பது, விஸ்வநத்தம் பக்கம் யோகேஸ்வரியின் அம்மா வேலுத்தாய் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் ஆயுத பூஜை. கேட்டுக்கு வெளியே பொட்டலில் பந்தல் போட்டிருந்தார்கள். வருவதாகச் சொன்ன கச்சேரிக் குழு கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, "எம்மக நல்லா பாடுவா சார்" என்று வேலுத்தாய்தான் முன்வந்தாள்.

தீபாவளிக்கு மூன்றே வாரம். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இரண்டு சினிமாப் பாட்டுக்குப் பிறகு யோகேஸ்வரி சொந்தப் பாட்டை எடுத்தாள்.

"தூக்குவாளி தூக்கி நிக்கா, அஞ்சு மணி வேன்!
சாமிக்கே லீவு ஏழாம் நாளு, இவளுக்கில்ல ஏன்?"

இரண்டாவது வரி எவாஞ்சலின் பைபிளிலிருந்து எடுத்துக் கொடுத்தது. முதல் முறை கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை கை தட்டினார்கள். யோகேஸ்வரி பந்தலைப் பார்த்துக் கேட்டாள்: "ஞாயித்துக்கெளம?" ஜெரினும் எவாஞ்சலினும் கத்தினார்கள்: "வரமாட்டோம்!"

மேனேஜர் ஓடிவந்து மைக் செட்டின் வயரைப் பிடுங்கினார். கிடார் அடங்கிப்போனது. எவாஞ்சலின் மட்டும் டிரம்ஸை விடவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு யோகேஸ்வரி வெறும் தொண்டையில் மறுபடி கேட்டாள். இந்தமுறை பதில் பந்தலிலிருந்து வந்தது. இருநூறு பெண்களின் குரலில் தன் அம்மாவின் குரலை அவளால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. மூன்று பேர்தான் ஏறினார்கள். அந்த சீசன் முடியும்வரை அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேன் வரவே இல்லை. ஆனால் அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை வேலுத்தாயைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யோகேஸ்வரி அழுதாள். "எதுக்கு அளுவுற? நீ பாடுனதுல ஒரு சொல்லாச்சும் பொய்யா?" என்று கேட்டாள் வேலுத்தாய். இல்லை என்று இவள் தலையாட்டினாள். "அப்ப எந்திரிச்சுச் சாப்பிடு."

விஷயம் பரவியதால் வேறு எந்தப் பட்டாசுக் கம்பெனியும் வேலுத்தாயைச் சேர்க்கவில்லை. நான்கு மாதம் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். பரீட்சை முடிந்ததும் ஜெரின் கோவைக்குப் படிக்கப் போனான். எவாஞ்சலினுக்கு விருதுநகரில் வேலை கிடைத்தது. பேண்டை யாரும் கலைக்கவில்லை. ஆளுக்கொரு பஸ் ஏறினார்கள், அவ்வளவுதான்.

யோகேஸ்வரி ஜக்கை மேசையில் வைத்துவிட்டு டிவியை நிறுத்தினாள். "இதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு தெரியுமா ஜெரின்?" என்று கேட்டு, அம்மாவுக்கு வேலை போனது வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெரினின் முகம் மாறியது. "ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்ப. பெறகு அந்தப் பாட்ட நெனச்சாலே தப்புப் பண்ணுன மாதிரி இருந்திருக்கும். நாம தப்பு ஒண்ணும் பண்ணலயே. நல்ல பேண்டுதான் நாம. சிரிக்கணும்னா சிரி. அதச் சொல்லிட்டுச் சிரி."

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேலுத்தாய் தலையை நிமிர்த்தினாள். "எல்லாத்தையும் வீடியோ புடிச்சீக, வயரப் புடுங்குன மேனேஜர் மூஞ்சியப் புடிக்காம விட்டுட்டீகளேப்பா!"

வீடே சிரித்தது. இந்தமுறை யோகேஸ்வரியும் சிரித்தாள். ஜெரின் வீடியோவை மறுபடி முதலிலிருந்து வைத்து, கடைசிவரை பார்த்தான்.

"இப்பவும் எளுதுறியா?" என்று கேட்டான்.

"பதினோரு பாட்டு இருக்கு."

"ஒண்ணுகூட அனுப்பல?"

"படிச்சுப் பாக்கவா எளுதுனேன்? மூணு பேரும் சேந்து வாசிக்கணும்லே."

எவாஞ்சலின் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. வார சனிக்கெளம எனக்கு டூட்டி இல்ல."

"கோயமுத்தூர்லருந்து வரவே அரை நாளாயிருமே அக்கா" என்று இழுத்தான் ஜெரின்.

"அப்ப வெள்ளிக்கெளமயே பஸ் ஏறிரு" என்றாள் யோகேஸ்வரி. ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.