திருப்பிச் சொல்கிறவன்

தொழிலாளர் துறையின் அந்த விசாரணை அறையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது என்றே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எமில்டாக்கா இல்லை என்கிறார். அது ஓடிக்கொண்டேதான் இருந்ததாம். தாள்கள் பறக்காமலிருக்க அலுவலர் அம்மா தன் சாப்பாட்டு டப்பாவை அவற்றின்மேல் தூக்கி வைத்தாராம். இருக்கலாம். எனக்கு உறுதியாக நினைவிருப்பது அங்கே விழுந்த மௌனம் மட்டும்தான். அதுவும் ஒரு நிமிடம்கூட இருக்காது என்கிறார். என்னுள் அது ஒரு முழுப் பிற்பகலாக இருக்கிறது.

எங்கள் வேலை சின்னது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களில் எங்கள் யார்டில் சரக்கேற்றிக் கதவை மூடியதும் ஒரு சீல் அடிப்பார்கள். அதில் ஆறு இலக்க எண் இருக்கும். ஓர் இலக்கம் மாறிப்போனாலும் பெட்டி கப்பல் ஏறாது. அதனால் ஒருவர் எண்ணை உரக்க வாசிப்பார். மற்றவர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். பிறகு பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். எமில்டாக்கா வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன். வேலையில் அவர் எனக்கு ஆறு வருடம் மூத்தவர்.

ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு நாளில் அவர் ஓர் எண்ணை வாசித்தார். நான் சொன்னேன். மறுபடியும் அதையே வாசித்தார். விளையாட்டு என்று நினைத்துச் சொன்னேன். ஏழாவது தடவை அவர் விரல்கள் அந்தச் சீலைப் பற்றியிருந்த விதம் என்னைப் பயமுறுத்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லுலே இசக்கி. சரியா இருக்குன்னு சொல்லுலே."

நான் சொல்லவில்லை. அவர் பல வாரங்களாகத் தூங்கவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மருத்துவர் இரண்டு மாத ஓய்வு வேண்டும் என்றார். விடுப்புக் கடிதத்தில் மஞ்சள்காமாலை என்று எழுதச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் வெளியே சொல்ல முடியாத நோய் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்.

"காமாலைன்னா ஆளாளுக்குக் கீழாநெல்லிய அரைச்சுக் கொண்டாருவிய. அத எவன் குடிக்கது?" என்று அந்த நிலைமையிலும் சிரித்தார். பிறகு பேனாவை வாங்கி, மனநலச் சிகிச்சைக்காக என்று உள்ளதை எழுதினார்.

திரும்பி வந்து பதினொரு மாதம் வேலை பார்த்தார். அதன் பிறகு ஒரு கடிதம் வந்தது. புது சாப்ட்வேர் வந்துவிட்டதால் அவருடைய பணியிடம் தேவையில்லையாம், ஆட்குறைப்பு. குறைக்கப்பட்டது அவர் ஒருவர்தான். அவர் அழவில்லை, தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தார்.

ஒரே வேலை பார்ப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். கடைசியாகச் சேர்ந்தவன் நான். ஆகவே நிர்வாகம் பட்டியலில் அவரைத் தனிப் பிரிவாகவும் என்னை லோடிங் பிரிவாகவும் எழுதியிருந்தது. விசாரணைக்குப் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவற்றைச் சுமந்துகொண்டு போனதும் நான்தான். காரில் மேனேஜர் சுந்தரராஜ் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "கேட்டா லோடிங்னு சொல்லு. அவ உள்ள வந்தா வெளிய போறது நீதான். பிள்ள பொறந்து ரெண்டு மாசந்தான ஆவுது?"

அறையில் எமில்டாக்கா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியால?" என்றார். அவ்வளவுதான்.

சார் சாப்ட்வேரைப் பற்றி நிறையச் சொன்னார். அலுவலர் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு நீண்டதில் சார் தன்னையறியாமல், "அதோட மேடம், யார்டுங்கது ஆபத்தான எடம். மனநிலை சரியில்லாத ஆள நம்பி எப்படி விட?" என்றார்.

"சீட்டே இல்லன்னீங்க. இப்ப மனநிலைங்கீங்க. ரெண்டுல எது?" என்று கேட்டார் அலுவலர் அம்மா.

சார் தண்ணீர் குடித்தார். அலுவலர் எமில்டாக்காவிடம், "இப்ப உங்களுக்குப் பூரணமா சரியாயிடுச்சு, இல்லையா?" என்று கேட்டார். ஆம் என்றால் போதும். அவர் உதவி செய்வதற்காகத்தான் கேட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

"இல்ல மேடம். மாத்திர சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். நாளைக்கும் சாப்பிடணும். அந்த மாத்திரையோடதான் பதினோரு மாசம் வேல பாத்தேன், ஒரு சீல் தப்பல. சரியாயிட்டேன்னு சொல்ல நான் வரல. வேல பாத்தேன்னு சொல்லத்தான் வந்தேன்."

கப்பலைத் தொலைவில் பார்ப்பது வேறு. துறைமுகத் தளத்தில் அதன் ஓரமாக நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. கழுத்து வலிக்கும், உச்சி தெரியாது. தினமும் என் பக்கத்தில் நின்று எண் வாசித்த பெண்ணை நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலர் பதிவேட்டைத் திறந்தார். "இந்த ரெண்டாவது கையெழுத்து யாருது?"

நான் பேசவில்லை. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனம்தான். அதை எமில்டாக்காதான் உடைத்தார். "அவன்ட்ட கேக்காதிய மேடம். பச்சப்பிள்ளைக்காரன். ஏட்டுல இருக்கத வச்சே பாருங்க, கெடைக்கது கெடைக்கட்டும்."

அலுவலர் தலையசைத்துவிட்டு, வரிசையில் விரலை வைத்துத் தனக்குத்தானே வாசித்தார். "ஏழு மூணு ஒன்பது, ஒன்பது ரெண்டு நாலு."

"ஏழு மூணு ஒம்போது, ஒம்போது ரெண்டு நாலு" என்றது என் வாய்.

நான் சொல்ல நினைக்கவில்லை. ஐந்து வருடப் பழக்கம் சொல்லிவிட்டது. எமில்டாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சார் என்னைப் பார்த்தார். அப்போதுகூடப் பின்வாங்கியிருக்கலாம். ஆடிக்காற்றில் நான் சொல்லாமல் விட்ட ஏழாவது தடவை நினைவுக்கு வந்தது.

"என் கையெழுத்துதான் மேடம். அக்கா வாசிப்பாங்க, நான் திருப்பிச் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான்."

மூன்றாம் மாதம் எமில்டாக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சுந்தரராஜ் சார் அங்கேயே இருக்கிறார். அக்காவைக் கண்டால் அவரே முதலில் வணக்கம் சொல்கிறாராம். எனக்கு அடுத்த மாதம் கடிதம் வந்தது, முறைப்படி. நான் இப்போது முத்தையாபுரத்தில் ஒரு லாரி செட்டில் வேலை பார்க்கிறேன். மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். யார்டு மதிலோரமாகப் போகும்போது சில நாள் உள்ளிருந்து அக்காவின் குரல் ஆறு இலக்கங்களை வாசிப்பது கேட்கும். உள்ளே யாரோ அதைத் திருப்பிச் சொல்வதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன்.